கோரைக்குக் கொதிதண்ணீர்

அக்டோபர் 13, திங்கள்

வெட்கத்தை விட்டு எழுதிவிடுகிறேன். இன்று காலை நைட்டிக்கு மேல் என் வீட்டுக்காரருடைய காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, இட்லிப் பானைக் கொதிதண்ணீரோடு வாசலில் நின்று, ஒரு கோரைப்புல்லையும் அதைப் பெற்றவளையும் சேர்த்து நான் திட்டிக்கொண்டிருந்ததைப் பிள்ளையார் கோயில் கமிட்டித் தலைவர் கேட்டுவிட்டார். கேட்டுக்கு வெளியே எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ தெரியாது. கார்த்திகை தீபத்தன்று கோயிலில் நடக்கும் பட்டிமன்றத்துக்கு என்னைக் கூப்பிட வந்தவர். கையில் மாதிரிக்குப் போன வருட நோட்டீஸ். அதில் என் பெயர் ‘சிரிப்பூற்று’ வடவள்ளி வசந்தாமணி. அந்த ஊற்றிலிருந்து என்னென்ன வரும் என்பதை மனுசன் இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார்.

“கோரைங்களா?” என்றார், வேறு என்ன பேசுவது என்று தெரியாமல்.

“ஆமாங்க.”

“பொல்லாததுங்க அது. அடியில கெழங்கு இருக்கும்.”

“கெழங்கு வரைக்கும் திட்டியாச்சுங்க.”

இந்த வருடம் பேச முடியாது என்று சொன்னேன். நோட்டீஸை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டு, புல்லைச் சுற்றி நடந்து போய்விட்டார்.

இந்த டைரியை எழுதச் சொன்னது ஆக்னஸ். என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரிக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு தடவை ஸ்கூட்டியில் வருகிற தூத்துக்குடிப் பெண். ஆவணியில் ஒரு நாள், பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ஸ்ட்ரோக். கால் தேறி வருகிறது, வலது கை அரைகுறை, பேச்சு சுத்தமாகப் போய்விட்டது. சொற்களெல்லாம் தலைக்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றனவாம். வாய்க்கு வருகிற வழியில்தான் அடைப்பாம். “என்ன சொல் வருதோ அத மட்டும் தேதி போட்டு எழுதி வைங்கம்மா” என்றாள். மட்டும் என்றால் எனக்கு எழுத வருமா?

இதுவரை வந்தவை: ம், இல்ல, தண்ணி. ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணுவார். நடுவில் நிறுத்தினால் மறுபடி ஒன்றிலிருந்து.

நேற்றுப் புதிதாக ஒன்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து அவரை ஜன்னலோரக் கட்டிலில் சாய்த்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கமலவேணியக்காவின் மருமகள் தனிக்குடித்தனம் போன கதை. அது சின்னக் கதையா? காபி நேரமே வந்துவிட்டது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் வாயைக் கோணி, நெற்றி நரம்பு புடைக்க, “களை” என்றார்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். அட, ஆமாம்.

வாசலுக்கும் கேட்டுக்கும் நடுவில் இரண்டு ரோஜா, ஒரு நித்தியமல்லி, கொஞ்சம் தக்காளி, ஒரு கறிவேப்பிலை மரம். நாங்கள் தோட்டம் என்போம்; பத்திரத்தில் காலியிடம் என்றிருக்கிறது. பட்டறையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் களைக்கொத்தோடு அங்கே உட்கார்ந்துவிடுவார். ஒரு புல் தலைதூக்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். “என்ற மூஞ்சிய அப்புடிப் பாத்திருந்தா நானும் பூத்திருப்பேன்” என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். அவர் படுத்ததிலிருந்து அங்கே யாரும் கை வைக்கவில்லை. மழை வேறு. கோரை, மூக்கிரட்டை, குப்பைமேனி, பெயர் தெரியாத பெரிய கூட்டம் ஒன்று.

வாழ்நாளெல்லாம் கம்மென்று இருந்த மனுசன் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்று. செய்யாமல் விட்டால் நான் என்ன பெண்டாட்டி? கடையில் விற்கிற களைக்கொல்லியை அடிக்க முடியாது. மண்புழு செத்துவிடும் என்று அந்த டப்பாவைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டார். உட்கார்ந்து பிடுங்கலாம் என்றால், என் முழங்கால் உட்காரச் சம்மதிக்கும், எழுந்திருக்கச் சம்மதிக்காது. மிச்சம் இருப்பது சமையலறைதான்.

நேற்றைய சொல்: களை.

என்னை ‘மணி’ என்றுதான் கூப்பிடுவார். அது இன்னும் வரவில்லை. வராவிட்டால் என்ன, எதிரிலேயே நிற்பவளை எதற்குக் கூப்பிட வேண்டும்?

அக்டோபர் 14

கோரை அசரவில்லை. என் கால் கட்டைவிரல் மட்டும் வெந்துவிட்டது.

அக்டோபர் 17, வெள்ளி

கமலவேணியக்கா வந்தார். பக்கத்து வீடு. யூடியூபில் பார்ப்பதை அடுத்தவர் வீட்டில் சோதித்துப் பார்க்கிற நல்ல மனசு.

“ஏம்புள்ள வசந்தா, சிறுவாணித் தண்ணியக் காய்ச்சிப் புல்லுக்கு ஊத்தறவ இந்த ஊருலயே நீ ஒருத்திதான். அது சுடுதண்ணில குளிச்சுப்போட்டுத் தெம்பா வளருது பாரு.”

“பொறவு என்னதான் பண்றதுக்கா?”

“வினிகரு. அதுல உப்பு ஒரு கை, பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணி சித்த. நல்லா வெயிலடிக்கறப்ப தெளிக்கோணும். ஒரு வெள்ளக்காரி தெளிச்சுக் காட்டுனா, சாயங்காலத்துக்குள்ள கருகிப் போச்சு.”

“அவ ஊட்டுல கோரை இருந்துச்சாக்கா?”

“அது என்னமோ மஞ்சப்பூவு. எல்லாம் புல்லுதான?”

மளிகைக் கடையில் இருந்த வினிகர் பாட்டில் அத்தனையையும் அள்ளிக்கொண்டேன். கடைத் தம்பி, “ஏனுங்கக்கா, காளிபிளவர் சில்லி கடை போடறீங்களா?” என்றான்.

“ஆமா சாமி. சாப்பிட்டவங்க வேரோட போயிருவாங்க.”

இன்றைய சொல்: களை. காபி கொடுக்கும்போது சொன்னார். பொறுங்கள் ஐயா, பாட்டிலை இப்போதுதான் இறக்கியிருக்கிறேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மகள் மிருதுளா பெங்களூரிலிருந்து வந்தாள், இன்றே போய்விட்டாள். லீவு இல்லையாம். அவளைப் பார்த்ததும் அவர், “கண்ணு” என்றார், பளிச்சென்று. அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். நான் அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ப் புகை என் கண்ணுக்கு ஆகாது.

பையைத் தூக்கும்போது, “அம்மா, தலைக்கு டையாவது அடிச்சுக்கோ. கண்ணாடியில பாத்தியா உன்ன?” என்றாள்.

“புல்லுக்கு நான் எப்புடி இருந்தா என்ன கண்ணு?”

அவள் கொண்டுவந்த புடவையை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்தேன்.

இன்றைய சொல்: கண்ணு. மகளுக்கு வந்துவிட்டது. நல்லது.

அக்டோபர் 23

வெயில் வந்தது. வினிகரும் வந்தேன் என்றது. துணி தேய்க்கத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலில் கலந்து, வாசல் முழுக்க அடித்தேன். தெருவே ஊறுகாய்க் கம்பெனி மாதிரி நாறியது. எதிர்வீட்டு நாய் மூன்று முறை தும்மிவிட்டுக் கட்சி மாறி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது.

சாயங்காலம் பார்த்தால், அம்மாடி, அத்தனையும் கருகி, பழுப்பாகத் தலை சாய்ந்து கிடக்கிறது. ஓடிப்போய் அவரைப் பிடித்து உட்காரவைத்து, “பாருங்க!” என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. தலை கலைந்து, நைட்டியெல்லாம் வினிகர்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்து, மெதுவாக, “களை… இல்ல” என்றார்.

“ஆமாங்க! இல்லீங்க! ஒன்னுகூட இல்லீங்க!”

“களை. இல்ல!” இடது கையால் மெத்தையில் ஒரு அடி.

ஸ்ட்ரோக்குக்குப் பிறகு இரண்டு சொல் சேர்ந்து வந்த முதல் வாக்கியம். அதுவும் என் வேலையைப் பாராட்டி! ரவா கேசரி கிண்டினேன். கோபமாகத் தின்றார். சர்க்கரை குறைவு போலிருக்கிறது.

அக்டோபர் 27, திங்கள்

துணி அலசிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து, “மணி.”

சோப்புக் கையோடு ஓடினேன். பக்கெட் உருண்டது, குழாயை மூடவில்லை, கதவில் தோள் இடித்தது. அவர் முன்னால் போய் நின்று, “என்னுங்க? சொல்லுங்க. இன்னொருக்கா சொல்லுங்க” என்றேன்.

அவர் இடது கையைத் தூக்கிச் சுவரைக் காட்டினார். சுவரில் கடிகாரம். மாத்திரை நேரம் தாண்டிவிட்டிருந்தது.

மாத்திரையைக் கொடுத்துவிட்டு வந்து மிச்சத் துணியை அலசினேன். எனக்கு இப்படிப் பெயர் வைத்த எங்கப்பனைச் சொல்ல வேண்டும்.

இன்றைய சொல்: மணி (கடிகாரம்).

அக்டோபர் 30

மழை. கோரை திரும்பிவிட்டது. வரும்போது சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

நவம்பர் 1, சனி

சொந்தக்காரர் என்று எழுதியதுதான் தப்பு. அவருடைய பெரியப்பா மகன் திருப்பூரிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து இறங்கினார். கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, படுத்திருப்பவருக்குக் காதும் போய்விட்டது என்ற நினைப்பில் என்னிடம் பேசினார்.

“இதுக்கு மேல பேச்சு வராதும்மா. எங்க பக்கத்துல ஒருத்தர் இப்புடித்தான். ஏழு வருசம் கெடையில கெடந்து…”

அப்போது படுத்திருந்தவர் வாய் திறந்தார். ஒரே ஒரு சொல். தடங்கல் இல்லை, கோணல் இல்லை. பட்டறையில் பையன்கள் கால்மேல் ஸ்பேனர் விழும்போது சொல்வார்களே, அது. கல்யாணமான நாளிலிருந்து ‘சனியனே’ என்றுகூடச் சொல்லாத மனுசன்.

திருப்பூர்க்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். நான் கேட் வரைக்கும் போய், “தப்பா நெனச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன். ஆக்னஸுக்குப் போன் போட்டேன்.

“சில பேருக்கு அது மட்டும் அப்படியே தங்கிரும்மா. திட்டுறதுக்கு மூளையில வேற இடம்” என்றாள்.

நல்ல இடம்தான். காற்றோட்டமான இடம்.

இன்றைய சொல்: எழுத முடியாது. உச்சரிப்புக்கு நூற்றுக்கு நூறு.

நவம்பர் 5

வினிகர் மழைக்கு நிற்பதில்லை. உப்பைத் தனியாகப் போட்டால் வேரோடு சாகும் என்கிறார் கமலவேணியக்கா. கல்லுப்பு மூட்டையை அவிழ்த்துக் கோலம் போடுகிற மாதிரி வாசல் முழுக்கத் தூவினேன். சிமெண்ட் வெடிப்புகளில் ஆப்பசோடா. மிச்சம் கடுகும் கறிவேப்பிலையும் போட்டால் தாளிப்பே முடிந்துவிடும்.

இன்றைய சொல்: களை. ஆமாங்க, ஆமாங்க.

நவம்பர் 9, ஞாயிறு

கமலவேணியக்காவின் புது யோசனை: “வெளிச்சம் படாம எதையாவது போட்டு மூடிப்போடு புள்ள. உள்ளுக்குள்ளயே வெந்து போயிரும்.”

எதைப் போட்டு மூடுவது? பரணில் என் ஃப்ளெக்ஸ் பேனர்கள் இருந்தன. ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் அவரே ஏணி போட்டு ஏறி, கட்டை அவிழ்த்து, சுருட்டி, காயில் கட்டுகிற நூலால் கட்டி வைத்துவிடுவார். “எதுக்குங்க இந்தக் குப்பை?” என்பேன். “மழைக்கு ஆகும்” என்பார். ஒரு மழைக்கும் எடுத்ததில்லை.

பெரிய பேனராக ஒன்றை விரித்தேன். பெரியநாயக்கன்பாளையம் மாரியம்மன் திருவிழா. பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை, ரூபாய் அகலத்துக்குப் பொட்டு, கதவளவு முகத்தில் காது வரைக்கும் சிரிப்பு. கவிழ்த்துப் போட்டால் குப்புற விழுந்த மாதிரி இருக்குமே என்று மல்லாத்திப் போட்டு, நாலு மூலைக்கும் செங்கல் வைத்தேன். பால்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு என் நெற்றிமேல் நடந்து வந்தார். மரியாதை தெரிந்த மனுசன்.

நவம்பர் 12

கோரை என் மூக்கு வழியாக வந்துவிட்டது.

மூக்குத்திக்குப் பக்கத்தில் கம்பி குத்திய ஓட்டை ஒன்று இருந்திருக்கிறது. அதற்குள் பச்சையாக ஒன்று, ஊசி மாதிரி, நிமிர்ந்து நிற்கிறது.

அவரும் பார்த்துவிட்டார். ஜன்னல் வழியே பேனரைக் காட்டி, “களை” என்றார். பிறகு என்னைக் காட்டி, “இல்ல” என்றார். மறுபடி பேனர்: “களை.” மறுபடி நான்: “இல்ல.”

“தெரியுதுங்க. மூக்குல ஒன்னு வந்திருக்குது. நாந்தான் இன்னும் புடுங்குல. புடுங்கிப் போடறனுங்க” என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டார். ஆக்னஸிடம் சொல்ல வேண்டும்: கைப் பயிற்சி நன்றாக வேலை செய்கிறது.

நவம்பர் 17, திங்கள்

இதை எழுதாமல் விடலாமா என்று பார்த்தேன். கறிவேப்பிலை மரம் பழுத்துக் கொட்டுகிறது. உப்பு. மழைத்தண்ணீரில் கரைந்து, கோரையை விட்டுவிட்டு, நேராக மரத்தின் வேருக்குப் போயிருக்கிறது. மிருதுளா பிறந்த வருடம் அவர் வைத்த மரம்.

பேனரைச் சுருட்டிவிட்டு, உப்பு போக, தண்ணீராக விட்டுக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டேன், கொசு என்று சொல்லி. மத்தியானம் கொசு ஏது? அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. என் அதிர்ஷ்டம் என்று ஒரு நொடி நினைத்தேன். நினைத்த வாயில் ஒரு பிடி கல்லுப்பைப் போட வேண்டும்.

நவம்பர் 19

திரையை எத்தனை நாள் மூடுவது? ஆக்னஸ் வேறு, “வெளிச்சம் வேணும்மா சாருக்கு” என்கிறாள். ஆகவே இன்று காலை சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக் கட்டுகள் வாங்கிவந்து, முக்காலி போட்டு ஏறி, மொட்டைக் கிளைகளில் கட்டிவிட்டேன். காயில் நூல்தான், அவர் கட்டினால் மோட்டார் ஓடும், நான் கட்டியது காற்றுக்கே ஆடியது. பிறகு திரையை விலக்கினேன், மேடையில் படம் திறந்து வைக்கிற மந்திரி மாதிரி.

வெகுநேரம் பார்த்தார். காலை வெயிலுக்கே கொத்துகள் தொங்கிப்போய், பாதி தலைகீழாக நின்றன. ஒரு கொத்தில் ரப்பர் பேண்டும் விலைச் சீட்டும் அப்படியே இருந்தன. மரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி விலைச் சீட்டு.

சிரித்தார்.

ஒரு பக்க வாயால்தான். ஆனால் சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. பழைய சிரிப்பு, நான் மேடையில் பேசும்போது பின்வரிசையில் நின்று சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு.

கமலவேணியக்கா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “யாரு புள்ள சிரிச்சது?”

“டிவிக்கா” என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரமாவது எனக்கு மட்டும் இருக்கட்டும் என்றிருக்கும்.

சிரித்து ஓய்ந்ததும், ஜன்னல் மேடையில் கிடந்த கோயில் நோட்டீஸை இடது கையால் இழுத்து என் மடியில் போட்டார்.

“பேசப் போகச் சொல்றீங்களா?”

“ம்.”

“உங்களக் கிண்டல் பண்ணாம நான் என்னத்தப் பேசறதுங்க?”

கல்யாணமான புதிதிலிருந்து என் முதல் ஜோக் ஒன்றுதான்: ‘எங்கூட்டுக்காரர் வாயத் தொறந்தா கொட்டாவி மட்டுந்தாங்க வரும்.’ கூட்டம் சிரிப்பதற்கு முன்பே சிரிப்பவர் பின்வரிசையில் நிற்கும் அவர்தான். அதை இனி எந்த வாயால் சொல்வேன்?

தலைவருக்குப் போன் போட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். “கோரை என்னாச்சுங்க?” என்றார். நலம் என்றேன்.

நவம்பர் 26

கமலவேணியக்காவின் கடைசி வைத்தியம்: கொல்ல முடியாததைத் தின்றுவிடுவது. மூக்கிரட்டையும் பருப்புக்கீரையும் பறித்துப் போனார். “உப்பு, புளிப்பு ரெண்டும் நீயே போட்டு வெச்சுட்ட. தாளிச்சா போதும்” என்கிறார். கோரையை மாட்டுக்குப் போடலாமாம். மாடு இல்லை.

கறிவேப்பிலையின் அடித்தண்டில் ஒரு சிவப்புத் துளிர். அவரிடம் காட்டினேன். “ம்” என்றார். அது பெரிய ‘ம்’.

டிசம்பர் 3, கார்த்திகை தீபம்

கை ஓயும் வரை எழுதப்போகிறேன்.

சாயங்காலம் கமலவேணியக்கா கிண்ணத்தில் டையைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். “இந்தத் தலையோட மேடையேறுனா, நடுவரு எந்திரிச்சு உனக்கு நாற்காலி போடுவாரு. உக்காரு.” டை அடித்து, அலசி, தீபாவளிப் புடவையைப் பிரித்துக் கட்டிவிட்டு, மல்லிகையும் வைத்துவிட்டார். பவுடர் டப்பா மூடி துருப்பிடித்திருந்தது. கத்தியால் நெம்பித் திறந்தோம்.

அவருக்குச் சட்டை மாட்டிவிடக் கட்டிலுக்குப் போனேன். அவர் நிமிர்ந்தார். கண் அகலமானது.

“களை” என்றார்.

ஜன்னலைப் பார்த்தேன். இந்த அமர்க்களத்தில் நான் ஒரு வாரமாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. முழங்கால் உயரம் நிற்கிறது, என்னைவிட நன்றாக அலங்காரம் பண்ணிக்கொண்டு.

“தெரியுதுங்க. நாளைக்கு…”

“களை… வந்துருச்சு.”

“ஆமாங்க, இந்த மழைக்கு எல்லாம் வந்துருச்சு. நாளைக்குக் கொதிதண்ணி…”

அவர் இடது கையை நீட்டி என் தாடையைப் பிடித்தார். ஜன்னல் பக்கம் இருந்த முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். மோட்டாரில் போல்ட்டைத் திருப்புகிற மாதிரி, மெதுவாக, அளவாக.

“மூஞ்சி” என்றார்.

கதவருகில் கமலவேணியக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். “அடிப் பைத்தியக்காரி! அவரு புல்லச் சொல்லலடி. உன்ற மூஞ்சியச் சொல்றாரு. மூஞ்சில களை வந்துருச்சுங்கறாரு!”

அவர், “ம், ம், ம்” என்றார். விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து வாத்தியார் தலையாட்டுவது போல.

ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். களை இல்ல. பேனரைக் காட்டி, களை. என்னைக் காட்டி, இல்ல. நான் கேசரி வேறு கிண்டினேன். ஒரு கடை வினிகர், ஒரு மூட்டை உப்பு, ஒரு கறிவேப்பிலை மரம், என் கால் கட்டைவிரல். எல்லாம் போனது, தலை சீவிக்கொள் என்று மனுசன் சொன்னதற்கு.

அழவெல்லாம் இல்லை. இரண்டாம் தடவை பவுடர் போட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

கோயிலில் அவருக்கு இந்தத் தடவை முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி. தலைப்பு: ‘குடும்பத்தில் அதிகம் பேசுவது கணவனா, மனைவியா?’ எழுந்தேன். வணக்கம் சொன்னேன். புதிதாக எழுதிப் படித்தது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பழக்கத்தில் வாய் தானாக ஓடிவிட்டது: “எங்கூட்டுக்காரர் வாயத் தொறந்தா…”

நின்றுவிட்டேன். அவருக்குப் பேச்சு போனது தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். மைக்கில் என் மூச்சு மட்டும் கேட்டது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோணல் வாயை எவ்வளவு முடியுமோ அவ்வளவு திறந்து, நீளமாக, நிதானமாக, ஊரே பார்க்கக் கொட்டாவி விட்டார். விட்டுவிட்டு வாய்க்கு நேரே இடது கையால் இரண்டு சொடக்கும் போட்டார்.

கூட்டம் எழுந்து நின்று சிரித்தது. கமிட்டித் தலைவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்குத் தெரியாது. நன்றாகப் பேசினேன் என்கிறார்கள்.

இன்றைய சொற்கள்: வந்துருச்சு, மூஞ்சி.

டிசம்பர் 6, சனி

இந்தக் கதையை அடுத்த மேடைக்குத் தயார் பண்ணுகிறேன். அவர் முகத்தைச் சொல்லி முகத்தைச் சொல்லி வாய் நோக, நான் புல்லைக் கொன்று புல்லைக் கொன்று கை நோக. பத்து வருடத்துக்குத் தாங்கும். சொல்லும்போது ஒரு ஆண் கண்ணாவது கலங்கும்.

கதைக்கு ஆரம்பம் சரியாக இருக்க வேண்டும் அல்லவா? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். “ஏனுங்க, மொதமொதல்ல, கமலவேணியக்கா மருமகள் கதை சொன்ன அன்னைக்கு ‘களை’ன்னீங்களே. அப்பவே என்ற மூஞ்சியத்தான சொன்னீங்க?”

நெற்றியைச் சுருக்கினார்.

“மணி” என்றார்.

கடிகாரத்தைப் பார்த்தேன். “மாத்திரைக்கு இன்னும் நேரம் இருக்குதுங்க.”

தலையை ஆட்டினார். கடிகாரப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

“மணி. களை…ப்பா. இருந்துச்சு. நீ… பேசீட்டே… இருந்தே.”

இன்றைய சொற்கள்: களைப்பா, இருந்துச்சு, நீ, பேசீட்டே, இருந்தே. முதலில் வந்த இன்னொன்று ஆக்னஸுக்கு வேண்டாம்.

ஆக, அன்றைக்குப் புல்லும் இல்லை, முகமும் இல்லை. மனுசனுக்கு மத்தியானத் தூக்கம் வந்திருக்கிறது.

மேடையில் விட்ட கொட்டாவியைப் பற்றி நான் கேட்கவில்லை.